அனுப்பிய நேரம், பார்த்த நேரம்

எங்கள் அலுவலகத்தில் ஜன்னலை ஒட்டிய சுவரில் ஒரு மர அடுக்கு இருக்கிறது. செருப்பு வைப்பதற்காக வாங்கியது. இப்போது அதில் எட்டு போன்கள் சாய்ந்து நிற்கின்றன. ஆறு ஆண்ட்ராய்டு, இரண்டு ஐபோன். ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் ஒரு சார்ஜர் வயர் இறங்கி, தரையில் கிடக்கும் நீளமான எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் போகும். ஒரு செயலியை எழுதி முடித்ததும் இந்த எட்டிலும் போட்டு ஓட்டிப் பார்ப்போம். எட்டிலும் ஓடினால் ஊரில் உள்ள எல்லா போனிலும் ஓடும் என்பது எங்கள் நம்பிக்கை. அடுக்கைக் கவனித்துக்கொள்பவர் டெஸ்டர் அக்கா. சோதனை நடுவில் எந்தப் போனும் சார்ஜ் தீர்ந்து அணையக் கூடாது என்பதில் அவர் மகா கறார். யாராவது அந்தப் பக்கம் போனாலே, "வயர்ல கை வச்சீங்க, கையைக் கழட்டி அடுக்குல சாய்ச்சு வச்சிருவேன்" என்பார்.

நான் அங்கே செயலி எழுதுபவன். ஒரே நிரலை எழுதி இரண்டு இயங்குதளங்களிலும் ஓட வைப்பதுதான் எங்கள் நிறுவனத்தின் பெருமை. முதலாளி எதிரே வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி அதை ஓட்டிக் காட்டுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் டெமோ சார்.

ஒரே நிரல் என்பது முக்கால் உண்மை. பொத்தான், பட்டியல், எழுத்து, நிறம் இவையெல்லாம் இரண்டுக்கும் பொது. கேமரா, இருப்பிடம், மணியடிப்பது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் அந்தந்த இயங்குதளத்திடம் அதனதன் முறையில் போய்க் கேட்க வேண்டும். உயிரை வாங்குவது அந்தக் கால்வாசிதான்.

ஐபோன் கண்டிப்பான வீட்டுக்காரர் போல. நீங்கள் திரையில் இல்லாதபோது உங்கள் செயலி வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்க அனுமதி இல்லை. ஏதாவது செய்தி வந்தால் வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், அவர் வந்து எழுப்புவார் என்று சொல்லிவிடும். ஆண்ட்ராய்டிலும் அப்படி ஒரு காவலாளி உண்டு. ஆனால் அங்கே கொஞ்சம் இடம் கிடைக்கும். செயலி உள்ளேயே ஒரு மூலையில் குந்திக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம், "எனக்கு ஏதாவது வந்ததா? எனக்கு ஏதாவது வந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். எழுதுவதற்கு இது சுலபம். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

பேருந்து டிப்போவுக்காக நான் எழுதிய செயலியில் ஆண்ட்ராய்டுக்கு இந்தச் சுலப வழியைத்தான் வைத்தேன். டெமோ சாருக்கு ஒரு வாரத்தில் டிப்போவில் காட்ட வேண்டியிருந்தது. பிறகு ஐபோனுக்கு எழுதும்போது வேறு வழி இல்லாததால் காவலாளி முறையைச் செய்தேன். ஆண்ட்ராய்டையும் அதற்கு மாற்றியிருக்கலாம். ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பிரித்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் செயலியின் வேலை இதுதான். டிப்போவில் தினமும் பதினைந்து இருபது டிரைவர்கள் ரிசர்வில் இருப்பார்கள், அதாவது வீட்டிலேயே தயாராகக் காத்திருப்பார்கள். வண்டி ஓட்ட வேண்டியவர் வரவில்லையென்றால் ரிசர்வில் உள்ள ஒருவரின் போன் மணியடிக்கும். பதினைந்து நிமிடத்துக்குள் 'வருகிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அழைப்பு அடுத்தவருக்குப் போகும், இவர் பெயரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். மூன்று மாதத்துக்குள் மூன்று புள்ளி விழுந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

என் அண்ணன் அந்த டிப்போவில் பத்தொன்பது வருடமாக டிரைவர்.

நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் நான். ரிசர்வ் நாட்களில் அண்ணன் இருக்கிற இருப்பைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவார். குளித்து, சீருடை போட்டு, ஷூ வரை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்துவிடுவார். மேசை நடுவில் மடித்த துண்டு, அதன் மேல் போன். முழுதாகச் சார்ஜ் ஏற்றி வயரை உருவி வைத்திருப்பார். சும்மா சார்ஜரிலேயே போட்டு வைத்தால் பேட்டரி உப்பிவிடும் என்று சொல்லிக் கொடுத்தவன் நான். மகள் போனைத் தொடக் கூடாது. அண்ணி மேசையில் பாத்திரத்தை வேகமாக வைக்கக் கூடாது.

"போனுக்கு சூடம் காட்டாததுதான் பாக்கி" என்பார் அண்ணி.

செயலி வந்த இரண்டாவது மாதத்துக்குள் அண்ணனுக்கு இரண்டு புள்ளி விழுந்துவிட்டது. மூன்றாவது ஒரு வியாழக்கிழமை மதியம் விழுந்தது. சாயங்காலம் நான் படியேறப் போனபோது கூப்பிட்டார்.

"டேய், இங்க வா. உன் ஆப்புல என்னமோ இருக்கு."

"என்ன இருக்கு?"

"போன் என் கண்ணு முன்னாலதான் கிடந்துச்சு. ரெண்டு மணியிலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. மணி என்னாச்சுன்னு பார்க்க மூணேகாலுக்குக் கையில எடுத்தேன். எடுத்ததும் அடிக்குது. ரெண்டு மணிக்கே கூப்பிட்டேன்னு காட்டுது."

"கையில எடுத்ததும் அடிச்சுதா?"

"ஆமாடா. நான் எடுக்கிறதுக்காகவே காத்துக்கிட்டு இருந்த மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணா, நீ எடுக்கிறியா இல்லையான்னு பார்க்க அதுக்கென்ன கண்ணா இருக்கு?"

இருக்கிறது. ஒவ்வொரு போனுக்குள்ளும் அசைவை உணரும் ஒரு சில்லு இருக்கிறது. தன்னை யாரோ தூக்குகிறார்கள் என்பது போனுக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும். அன்று நினைவுக்கு வரவில்லை.

அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "சாப்பிட்டு முடிச்சு கண்ணசந்துட்டாருன்னு நினைக்கிறீங்க. அதானே தம்பி?"

"நான் அப்படிச் சொல்லலையே அண்ணி."

"வாயால சொல்லல. நான் எதிர்லயேதான் உட்கார்ந்திருந்தேன். இந்த மனுஷன் கொட்டாவிகூட விடல."

நான் மாடிக்குப் போய் லேப்டாப்பில் பதிவேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு நேரங்கள் அதில் இருக்கும். அனுப்பிய நேரம், பார்த்த நேரம். அண்ணனின் வரியில் 2:04 என்றும் 3:17 என்றும் இருந்தது. லேப்டாப்பைக் கீழே எடுத்து வந்து காட்டினேன்.

அண்ணன் இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்தார். "இது நீங்க அனுப்பினது. இது நான் பார்த்தது. நடுவுல என் போனுக்கு எப்ப வந்து சேர்ந்துச்சுன்னு எங்க இருக்கு?"

"அதை எழுதறதில்லண்ணா."

"ஏன்?"

ஏனென்றால் இருநூறு போன்கள் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கேட்கின்றன. ஒவ்வொன்றையும் குறித்தால் பதிவேடு வீங்கிவிடும். அதனால் நான்தான் அந்த நடுப் பத்தியை வெட்டினேன். இதையெல்லாம் அண்ணனுக்கு விளக்கமாகச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "சரி, நீயே பார்த்துச் சொல்லு. உனக்குத்தான் தெரியும்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை டிப்போ மேலாளரிடமிருந்து எங்கள் நிறுவனத்துக்குக் கடிதம் வந்தது. ஒரு டிரைவர் செயலியின் மீது குறை சொல்கிறார், கோளாறு உண்டா இல்லையா என்று எழுத்தில் தெரிவிக்கவும். டெமோ சார் அதை என் மேசையில் வைத்தார். அந்த டிரைவர் என் அண்ணன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார். அந்த ஆள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எதையாவது எழுதுவான். என்னைவிடப் பொறுமையாக யார் சோதிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

பொறுமையாகத்தான் சோதித்தேன். மூன்று நாள். டெஸ்டர் அக்காவும் நானும் அடுக்கில் இருந்த போன்களுக்கு நானூற்று இருபது அழைப்புகள் அனுப்பினோம். காலை, மதியம், அடுத்தடுத்து, இரண்டு மணி நேர இடைவெளியில் என்று எல்லா விதத்திலும். ஒன்றுகூட ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதிக்கவில்லை. ரயில் நிலையக் கடிகாரம் போல அடித்தன.

கடிதத்தில் இப்படி எழுதினேன்: 'செயலியில் கோளாறு ஏதும் இல்லை. தாமதம் பயனரின் பக்கத்தில் நேர்ந்திருக்கலாம்.' மேலாளர் கேட்டது முதல் வாக்கியத்தை மட்டும்தான். இரண்டாவதை, கடிதம் முழுமையாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

விசாரணையில் அதைச் சத்தமாக வாசித்தார்களாம். அண்ணனைச் சலவைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். வண்டி ஓட்டுபவரிடமிருந்து வண்டி கழுவுபவராக.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்ன ஒரே வார்த்தை, "கையெழுத்து அழகா இருக்குடா" என்பதுதான். அன்றிலிருந்து அண்ணி படியில் எதிரே வந்தால், வெளியாளுக்கு விடுவது போல ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

இது நடந்து மூன்று வாரம் கழித்து அலுவலகத்தில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மெக்கானிக் காலையில் வந்தார். தன் கருவிக்கு ப்ளக் வேண்டும் என்று அடுக்கின் எக்ஸ்டென்ஷனை உருவிவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே போய்விட்டார். டெஸ்டர் அக்கா அன்று மதியம்தான் வந்தார். வழக்கமான சோதனை அழைப்புகளை மூன்று மணிக்கு அனுப்பிவிட்டு, நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க கொஞ்சம் வாங்க. உங்க பிள்ளைங்க எல்லாம் செத்துக் கிடக்குதுங்க."

"என்னாச்சு?"

"மூணு மணிக்கு அனுப்பினது ஐபோன் ரெண்டுல மட்டும் வந்திருக்கு. மத்த ஆறுலயும் மூச்சே இல்ல. எவனோ வயரை உருவிட்டுப் போயிருக்கான். ஆனா சார்ஜ் எல்லாத்துலயும் எண்பதுக்கு மேல இருக்கே."

முதல் ஆண்ட்ராய்டைக் கையில் எடுத்தேன். திரை ஒளிர்ந்தது. மணியடித்தது. மூன்று மணி அழைப்பு. இரண்டாவதை எடுத்தேன். மணியடித்தது. மூன்றாவதை எடுக்கக் கை நீட்டியபோதே அது அடிக்கப்போகிறது என்று தெரிந்தது. அடித்தது.

விஷயம் இதுதான். பேட்டரியைக் காப்பாற்ற ஆண்ட்ராய்டு ஒரு காரியம் செய்கிறது. போன் சார்ஜரில் இல்லை, திரை அணைந்திருக்கிறது, அசையாமல் ஓரிடத்தில் கிடக்கிறது என்று தெரிந்தால், யாருக்கும் தன் தேவை இல்லை என்று முடிவு செய்து தூங்கிவிடும். தூக்கம் ஆழமாக ஆக, மூலையில் குந்தியிருக்கும் செயலிகள் வெளியே எட்டிப் பார்க்கவே முடியாது. எப்போதாவது ஒருமுறை கதவு திறக்கும். அந்த இடைவெளியும் நீண்டுகொண்டே போகும். காவலாளி வழியாக அவசரம் என்று வரும் செய்தி மட்டும்தான் தூக்கத்தைக் கலைக்கும். என் செயலியோ காவலாளியை நம்பாமல் தானே கேட்கப் போய், தூக்கத்தில் மாட்டிக்கொண்டது. போனைத் தூக்கினால் தூக்கம் கலையும், கதவு திறக்கும், மணி அடிக்கும்.

சார்ஜரில் இருக்கும் போன் இப்படித் தூங்குவதே இல்லை. எங்கள் அடுக்கில் இருந்தவை பிறந்ததிலிருந்து சார்ஜரில் இருந்தவை.

மறைக்கமாட்டேன், அந்த நொடியில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு பூட்டு திறந்துகொள்ளும்போது வருமே, அந்த மகிழ்ச்சி. எத்தனை அழகான ஏற்பாடு என்றுகூட நினைத்தேன். அண்ணன் நினைவுக்கு வர மூன்று நான்கு நொடி ஆனது.

ரிசர்வில் இருந்துகொண்டு போனில் சீட்டாடியவர்கள், படம் பார்த்தவர்கள், பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றியவர்கள் எல்லோருக்கும் அழைப்பு பெரும்பாலும் உடனே போயிருக்கிறது. அவர்கள் போன் தூங்க நேரமே கிடைக்கவில்லை. யார் மடித்த துண்டின் மேல் வைத்துவிட்டு, தொடாமல், அசைக்காமல் காத்திருந்தாரோ அவருடைய போன் தூங்கியது.

டெமோ சாரிடம் ஓடினேன். அவர் முழுவதையும் கேட்டார். கேட்பதில் கெட்டிக்காரர்.

"சரி, காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல? மாத்திடு. எத்தனை நாள் ஆகும்?"

"நாலு நாள். அந்த லெட்டரை என்ன சார் பண்றது?"

"எந்த லெட்டர்?"

"கோளாறு இல்லைன்னு நாம டிப்போவுக்குக் கொடுத்தது."

"அதான் கோளாறு இல்லாம பண்ணப்போறியே."

"அப்ப இருந்துச்சே சார்."

"அப்பங்கிறது போயாச்சுப்பா. இன்னும் மூணு டிப்போ நம்ம ஆப்பைக் கேட்டிருக்காங்க. இந்த நேரத்துல போய், நாங்க தப்பா எழுதிக் கொடுத்தோம்னு சொல்லச் சொல்றியா?"

"அந்த டிரைவர் என் அண்ணன் சார்."

அவர் கையிலிருந்த போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அதுவரை நான் பார்த்திராத ஒன்று.

"அதை லெட்டர் எழுதறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். இனிமே சொல்லாதே. உனக்கும் நல்லதில்ல, எங்களுக்கும் நல்லதில்ல."

நாலு நாளில் மாற்றி முடித்தேன். இரண்டு இயங்குதளங்களிலும் இப்போது காவலாளி வழியாகவே செய்தி போகும். உண்மையிலேயே ஒரே நிரல் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. புதிய பதிப்போடு ஒரு குறிப்பும் சேர்க்க வேண்டும், என்ன மாற்றினோம் என்று. டெமோ சார் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'சிறு மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன.'

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பழைய பதிப்பு இருந்த ஒரு போனோடும் லேப்டாப்போடும் டிப்போ மேலாளரைப் பார்க்கப் போனேன்.

அவர் மோசமான மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார். போனை அவர் மேசையில் வைத்தேன். தூங்குவதற்கு அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை லேப்டாப்பிலிருந்து கட்டளை கொடுத்துக் குறைக்கலாம். குறைத்தேன். அழைப்பு அனுப்பினேன். இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் டீ குடித்து முடித்தார். ஒரு சத்தமும் இல்லை.

"இப்ப நீங்களே கையில எடுங்க சார்."

எடுத்தார். மணியடித்தது. சின்னப் பிள்ளை போல இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். காட்டினேன்.

"புரியுது" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது. "இதை உங்க கம்பெனி எழுத்துல கொடுத்திருக்கா?"

"இல்ல சார். நான் கொடுக்கிறேன்." எழுதி வைத்திருந்ததை நீட்டினேன்.

அவர் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து, என் பழைய கடிதத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு விசாரணைத் தாளில் இருந்த அண்ணனின் பெயரைப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார்.

"இனிஷியல் ரெண்டும் ஒண்ணா இருக்கு. முகவரியும் அதேதான். சொந்தமா?"

"கூடப் பிறந்த அண்ணன் சார்."

ஃபைலை மூடினார். "தம்பி, நீங்க காட்டினதை நான் நம்புறேன். ஆனா இதை மேலே அனுப்பினா என்ன கேப்பாங்க தெரியுமா? முதல்ல கோளாறு இல்லைன்னு எழுதினதும் இவருதான், இப்ப இருக்குன்னு சொல்றதும் இவருதான், நடுவுல என்ன ஆச்சுன்னா அண்ணன் வேலை போச்சு. கம்பெனி முத்திரையும் இல்ல. கேக்கிறவன் சிரிப்பான்."

"உண்மை சார்."

"அதுவும் புரியுது. இந்த மூணு மாசத்துல புள்ளி வாங்கினவங்க முப்பத்தொரு பேர். இதை நான் ஏத்துக்கிட்டா நாளைக்கு முப்பத்தொரு பேரும் இந்த வாசல்ல நிப்பாங்க." எழுந்து கதவுவரை வந்தார். "முதல் லெட்டரை இவ்வளவு அருமையா எழுதாம இருந்திருக்கலாம் நீங்க."

டிப்போ அலுவலகத்தின் பின்புறம்தான் சலவைக் கொட்டகை. முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அண்ணன் ஒரு பேருந்தின் சக்கரத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை அடைத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தூங்கும் போன், காவலாளி, அசைவை உணரும் சில்லு, அடுக்கு. எதையும் விடாமல், வரிசையாக. கையை ஆட்டி ஆட்டி நான் விளக்கிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

"அப்ப நான் போனைச் சும்மா நோண்டிக்கிட்டே இருந்திருந்தா வந்திருக்கும்" என்றார்.

"ஆமாண்ணா."

"சார்ஜர்ல போட்டு வச்சிருந்தாலும் வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "மூணு நாள் சோதிச்சேன்னு சொன்னியே. எட்டு போனை வச்சு."

"ஆமா."

"என் போனைக் கேட்டியா?"

நான் லேப்டாப் பையின் வாரைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"மாடியிலேர்ந்து கீழ பதினாலு படிடா. எண்ணிப் பார்த்திருக்கியா? பதினாலு."

கொட்டகைக் கண்காணிப்பாளர் அந்தப் பக்கமாக வந்தார். என் தோளில் தொங்கிய லேப்டாப் பையை மேலும் கீழும் பார்த்துவிட்டு அண்ணனிடம், "யாருய்யா இது, உங்க வீட்டு ஆளா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் அண்ணன். "ஆப் கம்பெனிலேர்ந்து வந்திருக்காரு."

"ஓ, அந்த ஆப்பா!" கண்காணிப்பாளர் முகம் மலர்ந்தது. "நேத்திலேர்ந்து டாண்ணு அடிக்குதாம் சார். நிமிஷம் பிசகலையாம். டிரைவருங்க எல்லாம் அதையேதான் பேசிக்கிறாங்க. அப்படி என்ன சார் பண்ணீங்க?"

யாராவது இப்படிக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வேன். வாயைத் திறந்தேன். அண்ணன் குழாயைத் திறந்துவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனார். தண்ணீர்ச் சத்தத்தில் கண்காணிப்பாளர் காதைக் கிட்டே கொண்டுவந்து, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.